பெரட்டு இல்லாத நாள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தோட்டத்து மழை நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் மலேசியாவில், தைப்பிங்கில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு கனடா வந்தவள். டொரொண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறோம். இப்போது வெளியே மைனஸ் 15 டிகிரி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் நானும் ஜன்னலும்தான். கொல்லையில் ஒரு தட்டில் சூரியகாந்தி விதை வைக்கிறேன். தலையில் கறுப்புத் தொப்பி போட்ட சின்னக் குருவி வரும், சிவப்புக் கார்டினல் வரும், எல்லாரையும் விரட்டிவிட்டுத் தின்னும் ஒரு கறுப்பு அணிலும் வரும். "பழக்கிவிட்டால் அதுகளுக்குத் தேடித் தின்னவே மறந்துபோகும்" என்கிறார் கணவர்.

பொழுது போக அடுப்படியில் எதையாவது செய்து பார்க்கிறேன். இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டால் பொங்குகிறது. அதே மாதிரி, சோயாவைப் பூஞ்சை போட்டுப் புளிக்கவைக்கும் தெம்பே செய்தேன்; கறுப்புப் புள்ளி வந்துவிட்டது, பயந்து கொட்டிவிட்டேன்.

உங்கள் கட்டுரை எனக்குப் பொறாமையைத்தான் தந்தது. மழை பெய்தால் எல்லாரும் வீட்டில், தகரக் கூரையில் சத்தம், அடுப்பில் கிழங்கு. அந்த நிம்மதி இப்போதும் உங்கள் ஊரில் இருக்கிறதா? குளிர்காலமே இல்லாத ஊரில் கொல்லையில் என்னதான் பார்ப்பீர்கள்? பெயர் போட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுகிற ஊர் என்று பெயர் வாங்கிய தைப்பிங்கில் பிறந்தவருக்கு, சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு நான் மழையைப் பற்றிச் சொல்வதே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

அந்தக் கட்டுரையில் இருந்தது லயத்துப் பிள்ளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளை, பார்த்த மழை. பிள்ளைக்கு அது இன்பம்தான், அதில் பொய் இல்லை. அம்மா பார்த்த மழை வேறு. பால் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர்கள், இருட்டிலேயே கிளம்ப வேண்டும். விடியற்காலையில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டோடு இறங்கி மங்குக்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு, வராது. பட்டை முழுக்கப் பரவித் தரையில் சொட்டும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் இன்னும் மோசம், மங்கில் தண்ணீர் நிறைந்து பால் வழிந்து போய்விடும். அதனால் விடியும் முன் கூரையில் சத்தம் கேட்டால் அம்மா எழுந்துபோய் வாசலில் நின்று கையை நீட்டிப் பார்ப்பார். அப்படியும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போவார், கங்காணி தலையாட்டியதும் திரும்பி வருவார். வேலை இல்லை, கூலி இல்லை. நாங்கள் போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருப்போம்.

ஐப்பசி, கார்த்திகையில் இது விட்டு விட்டு நடக்கும். கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் எங்கள் பக்கம் நீளும். மழையோ வெயிலோ மாதம் பிறந்தால் இவ்வளவு என்று கையில் வர வேண்டும் என்பது தோட்டத் தொழிற்சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை. அது பேச்சாகவே இழுத்துக்கொண்டு கிடந்த காலத்தில் வளர்ந்த வீடு எங்களுடையது. ஆகவே பொறாமைப்பட வேண்டாம். உங்கள் ஜன்னல் ஓரம் தேவலை.

ஆனால் நீங்கள் அடுப்படி என்று சொன்னதும் எனக்கு அந்த நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அம்மா புதிது புதிதாக ஏதாவது செய்தது எல்லாம் பெரட்டு இல்லாத நாளில்தான். வேலை நாளில் சோறும் ஒரு குழம்பும் ஆக்கவே நேரம் சரியாக இருக்கும். மழை விட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு, விழுந்து கிடக்கும் பழைய பால் மரங்களைப் பார்க்கப் போவார். அந்தக் கட்டைகளில் ஒரு காளான் பூத்திருக்கும். மலாய்க்காரர்கள் குக்குர் என்பார்கள். விரல் நகம் அளவுதான் இருக்கும். மேலே சாம்பல் வெள்ளையில் மெல்லிய ரோமம். புரட்டிப் பார்த்தால் விசிறி மடிப்பு மாதிரி வரி வரியாக, ஒவ்வொரு வரியும் நடுவில் பிளந்து இரண்டாகச் சுருண்டிருக்கும். காம்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, கட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பதை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் சேர்க்க அரை நாள் போய்விடும். மரத்தூளும் மண்ணும் போகும்வரை அலசி, நன்றாக வேகவைத்து, மஞ்சளும் இடித்த மிளகாயும் போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்க விடுவார். வாயில் போட்டால் ஜவ்வு மாதிரி இழுக்கும். கறி வாங்க முடியாத வாரத்தில் மெல்லுவதற்கு ஏதாவது வேண்டுமல்லவா, அதற்காகவே எனக்கு அது பிடிக்கும். நாம் இன்று இதையெல்லாம் பரிசோதனை, புது ரெசிப்பி என்கிறோம். அம்மா காதில் விழுந்தால் சிரித்திருப்பார்.

அந்த நிம்மதி இப்போதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, பென்ஷன் வருகிறது. மழை எனக்கு இப்போது வெறும் மழை. ஊருக்கே நிம்மதியா என்றால், இல்லை. எங்கள் தோட்டத்தில் பால் மரங்களை வெட்டிச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு வெகு காலம் ஆகிறது. லயம் போய்விட்டது, எல்லாரும் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், இருக்கிறோம். என் வீட்டுக் கொல்லை வேலிக்கு அப்பால் ஒரு பெரிய கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனைக் காடு. போன நவம்பரில் நல்ல மழையில் நான் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தபோது, உரச் சாக்கைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் நீளக் கழியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தோனேசியத் தம்பிகள். டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றது. என் அடுப்படி ஜன்னலில் தெரிவது அணிலும் குருவியும் மட்டும் இல்லை, இதுவும்தான்.

சரி, அணிலுக்கு வருகிறேன். எங்கள் அணிலுக்கு முதுகில் ராமர் போட்ட கோடு கிடையாது. அவர் விரல் இந்தப் பக்கம் எட்டவில்லை போலிருக்கிறது. முதுகு பழுப்பு, வயிறு செம்பு நிறம், விலாவில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. தேங்காயைக் குடைந்துவிடும், வாழைப்பூவில் தேன் குடிக்கும். உங்கள் கறுப்பு அணில் தனி இனம் இல்லை. அங்குள்ள சாம்பல் அணிலேதான், நிறம் மட்டும் கறுப்பு. டொரொண்டோவில் அது சாதாரணம்.

குளிர்காலமே இல்லை என்கிறீர்கள். எங்களுக்குக் குளிர் வராது, குளிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்கள் வருவார்கள். செப்டம்பர் பிறந்தால் தகைவிலான் குருவிகள் வந்துவிடும். சாயங்காலம் டவுன் கம்பிகளில் இடமில்லாமல் உட்காரும். கீழே கார் நிறுத்தினவர் மறுநாள் கழுவித்தான் ஆக வேண்டும். பெந்தோங் டவுன் இதற்குப் பேர்போனது. இவை சைபீரியா, ஜப்பான் பக்கத்தவை. உங்கள் ஊரில் கோடையில் பறக்கும் தகைவிலான்கள் தென் அமெரிக்காவுக்குப் போகின்றன. ஆக, உங்களுக்குக் குளிர் கடித்துக்கொண்டிருக்கும் இந்த ஜனவரியில் அந்த இனம் பெரும்பாலும் எங்களைப் போன்ற வெப்பமான ஊர்களில்தான் இருக்கிறது.

இன்னொரு விருந்தாளி பழுப்புக் கீச்சான். அதுவும் வடக்கே இருந்து வருவது. வந்தால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மார்ச் வரை நகராது. வேறு கீச்சான் எட்டிப் பார்த்தால் சண்டைதான். என் கொல்லையில் துணி காயப்போடும் கம்பம் அதனுடையது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, அலகு நுனியில் கொக்கி. கம்பத்தில் அசையாமல் இருக்கும், திடீரென்று புல்லில் விழும், வெட்டுக்கிளியோடு எழும். இந்த ஆண்டு எலுமிச்சை முள்ளில் ஒரு வெட்டுக்கிளியைக் குத்தி வைத்திருந்தது. தலைப் பக்கம் இல்லை, பின்னங்கால்கள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மறுநாள் போய்ப் பார்த்தேன், அதுவும் இல்லை.

இரவில் முசாங் வரும், அதாவது மரநாய். பப்பாளி பழுக்கிற அன்று நமக்கு முன்னால் அதற்குத் தெரியும். கூரை மேல் அது நடந்து போனால், நடுராத்திரியில் யாரோ பாண்டான் இலை போட்டுச் சோறு ஆக்குகிற வாசனை அடிக்கும். மலாயில் அதற்கு முசாங் பாண்டான் என்றே பெயர். செம்பனைக் காட்டுக்குள் கூகைக்குக் கம்பம் நட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள், எலி பிடிக்கத்தான். பழத்தைக் கடித்து நாசம் செய்கிற எலிக்கு மருந்து வைப்பதைவிட இது தேவலை. பெட்டிக்குக் கீழே எலி எலும்பும் ரோமமுமாகக் கக்கிய உருண்டைகள் கிடக்கும். லயத்தில் இருந்தபோது அதன் குரல் கேட்டால் சாக்குருவி என்று கிழவிகள் திருநீற்றை அள்ளிப் பூசுவார்கள். இன்று கம்பெனியே வீடு கட்டிக் கொடுத்துக் குடிவைக்கிறது.

அப்புறம், கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறுதோட்டக்காரர் இன்னும் கொஞ்சம் பால் மரம் வைத்திருக்கிறார். பிப்ரவரி வெயிலில் அவை இலை சிவந்து மொத்தமாக உதிர்ந்துவிடும். புது இலை முற்றும்வரை பால் குறைவு. மழைக்கு அடுத்தபடி தோட்டத்தில் கை காய்கிற காலம் அதுதான். உங்கள் ஊரில் மரம் மொட்டையாக நிற்பதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

விதைத் தட்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அந்தக் கறுப்புத் தொப்பிக் குருவி விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்து, இடத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். கடுங்குளிர் இரவில் உடம்புச் சூட்டையே குறைத்துக்கொண்டு தூங்கும். அதற்குத் தேடித் தின்ன மறந்துபோகும் என்று உங்கள் கணவர் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தீனி வைத்த இடத்துக் குருவிகள் கடுங்குளிரில் கூடுதலாகப் பிழைத்தன. தீனிக்குப் பழகிய குருவிகளிடம் இருந்து தட்டை எடுத்துவிட்டபோது, அவை மற்றக் குருவிகளுக்குச் சமமாகவே பிழைத்துக்கொண்டன. தட்டை மட்டும் அடிக்கடி கழுவுங்கள், நோய் அதில்தான் பரவும். எங்கள் ஊர்க் குரங்குக்கு இந்த நியாயம் செல்லாது. ஒரு வாழைப்பழம் கொடுத்தால் மறுநாள் அடுப்படிக்குள் இருக்கும்.

தெம்பேயைக் கொட்டியிருக்க வேண்டாம். கறுப்பும் சாம்பலுமாக வருவது அந்தப் பூஞ்சையே முற்றி விதை விடுவதுதான். காற்று அதிகம் படுகிற ஓட்டைப் பக்கத்தில் அப்படி வரும். சூடு மிஞ்சினாலும் வரும். காளான் வாசனை அடித்தால் தாராளமாகப் பொரிக்கலாம். பிசுபிசுப்பு, இளஞ்சிவப்பு, மூக்கில் ஏறும் நெடி என்றால் குப்பைக்கு. இட்லி மாவுக்குச் செய்ததை அப்படியே இதற்கும் செய்ததில்தான் விஷயம் இருக்கிறது. மாவுக்குக் கடைசிவரை வெளிச்சூடு வேண்டும். தெம்பே பாதி நாள் கழிந்ததும் தானே சூடாகிவிடும், பொட்டலத்தைத் தொட்டாலே தெரியும். அப்போது ஓவன் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

அடுத்து என்ன செய்யலாம் என்றால் தாப்பாய், அதாவது அரிசியையோ கிழங்கையோ புளிக்கவைத்த இனிப்பு, செய்து பாருங்கள். லயத்துக்குப் பக்கத்து மலாய்க் கிராமத்து மாக்சிக், அதாவது அத்தை முறையில் கூப்பிடுகிற பெண், ஒருவர் எங்களுக்குக் கொடுத்தனுப்புவார். அவர் புளுட் என்னும் ஒட்டரிசியில் செய்து பால் மர இலையில் மடித்துக் கட்டுவார். நாங்கள் வெட்டுகிற அதே மரத்து இலைதான். செய்கிற அன்று வீட்டில் சண்டை கூடாது, சண்டை போட்டால் தாப்பாய் புளித்துவிடும் என்பார். உங்களுக்குக் கிழங்கில் செய்வது சுலபம். உறைந்த மரவள்ளிக்கிழங்கு தமிழ்க் கடைகளில் இருக்கும். ராகி என்று நாங்கள் சொல்லும் வெள்ளை உருண்டை சீனக் கடைகளில் கிடைக்கும். அரிசி ஒயினுக்கு உறை ஊற்றும் ஈஸ்ட் உருண்டை என்று கேளுங்கள். நம் கேழ்வரகோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிழங்கை ஆவியில் வேகவைத்து நடு நரம்பை எடுத்துவிட்டு, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு தூவினால் உருண்டையில் உள்ளது செத்துப்போகும். பொடித்த உருண்டையைச் சல்லடையில் தூவி, ஈரமில்லாத டப்பாவில் அடுக்கி, வாழை இலை போட்டு மூடி, அந்த ஓவனுக்குள் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கிழங்கு மெத்தென்று ஆகி, அடியில் இனிப்பாக நீர் சேர்ந்திருக்கும். அதில் லேசாக ஆல்கஹால் உண்டு, பிள்ளைகளுக்கு வேண்டாம். நாக்கில் சுருக்கென்று பட ஆரம்பித்தால் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா
சுங்கை சிப்புட்