எவர்சில்வர் தகட்டில் தொட்டி: பட்டறையிலிருந்து சில பதில்கள்

மெல்லிய எவர்சில்வர் தகட்டை இணைத்து வீட்டுப் பட்டறையிலேயே தொட்டி செய்துகொள்ள விரும்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இருபத்தாறு ஆண்டுகளாகத் தகட்டு வேலையில் இருக்கிறேன். இந்த வேலையை நேசிக்கிறவன் என்பதால் சில இடங்களில் பதில் நீண்டுவிட்டது.

கேள்வி (கோயம்புத்தூர், லேத் பட்டறை வைத்திருப்பவர்): உதிரிபாகங்களைக் கழுவ, 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரத்தில் 1 மி.மீ. தகட்டில் தொட்டி செய்தேன். ஐந்து துண்டுகளாக வெட்டி ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் மறைவில் மின்பொறியால் உருக்கி ஒட்டும் 'டிக்' முறை) செய்தேன். அடித்தட்டு அப்பளம்போல் நெளிந்துவிட்டது. அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போகிறது. விட்டால் வெளியே வந்துவிடுகிறது. ஆம்பியரைக் குறைத்தும் பயனில்லை. எங்கே தவறு?

பதில்: டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே தவறு நடந்துவிட்டது. ஐந்து துண்டு என்றால் எட்டு மூட்டு. கூட்டிப் பாருங்கள், 390 செ.மீ. பற்றவைப்பு. ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளத்துக்கு அந்த மெல்லிய தகட்டைச் சூடாக்கியிருக்கிறீர்கள். எவர்சில்வர் சூட்டில் இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். ஒரு மீட்டர் தகட்டில் 100 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1.7 மி.மீ. நீளும், இரும்பு 1.2 மி.மீ. தான் நீளும். போதாததற்கு, இரும்பு கடத்தும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இது கடத்தும். சூடு பரவாமல் மூட்டிலேயே தங்கி, அங்கே விரிந்து, ஆறும்போது அங்கேயே சுருங்குகிறது. மூட்டு சுருங்கிவிட்டது, நடுத்தகடு அப்படியே இருக்கிறது. மிஞ்சிய நடுப்பகுதி போக இடமில்லாமல் உப்பி நிற்கிறது. அதுதான் உங்கள் 'டப்'.

அடுத்த தொட்டியில் மூட்டையே குறைத்துவிடுங்கள். அடித்தட்டையும் இரண்டு நீளப் பக்கங்களையும் ஒரே தகட்டில், 'ப' எழுத்தைப்போல மடித்துவிடுங்கள். மடிக்கும் இயந்திரம் வீட்டில் தேவையில்லை. தகட்டு வேலை செய்கிற கடையில் அளவைச் சொன்னால் மடித்துத் தருவார்கள். மிச்சம் இரண்டு முகப்புத் தகடுகள். மூட்டின் நீளம் 270 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். முகப்புத் தகட்டின் மூன்று பக்கத்திலும் 10 மி.மீ. விளிம்பு மடித்து, அந்த விளிம்பு வெளிப்பக்கம் பார்க்கும்படி 'ப'வுக்குள் செருகுங்கள். இரண்டு ஓரங்களும் சமமாக ஒட்டி நிற்கும். அந்த ஓரங்களை நிரப்புக் கம்பியே இல்லாமல் உருக்கி ஒன்றாக்கிவிடலாம். கீழ்மூலை இரண்டிலும் மட்டும் சிறு இடைவெளி விழும். அங்கே 308 எல் என்ற எவர்சில்வர் நிரப்புக் கம்பி கொஞ்சம் ஊட்ட வேண்டும். அடித்தட்டில் மூலைக்கு மூலை லேசான குறுக்கு மடிப்பு போடச் சொன்னால் உப்புகிற வேலையே இருக்காது.

பொருத்தம் முக்கியம். மூட்டில் ஒரு தபால் அட்டை நுழைகிற சந்து இருந்தாலும் பற்றவைக்காதீர்கள். அரத்தை எடுத்து மறுபடியும் சீர்செய்யுங்கள். முதலில் இரண்டு முனைகளிலும் புள்ளி (தகடு நகராமல் பிடிக்கும் சிறு பற்றவைப்பு) வையுங்கள்; பிறகு நடுவில்; பிறகு பாதிக்குப் பாதி. இப்படியே 20, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வரும்வரை போக வேண்டும். ஒரு முனையிலிருந்து வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் மறுமுனையில் தகடு வாய் பிளந்து நிற்கும். மூட்டை ஒட்டிச் செம்புப் பட்டையை இறுக்கிக்கொண்டால் அது சூட்டைக் குடித்துவிடும். டார்ச்சில் 1.6 மி.மீ. டங்ஸ்டன் ஊசி, பென்சில்போல் கூர். 30 முதல் 40 ஆம்பியர். ஆர்க் (ஊசிமுனைக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறி) நீளம் ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மெதுவாகப் போனால் நல்லது என்று நினைத்து ஆம்பியரைக் குறைக்கிறோம். அதனால் தகட்டுக்குள் போகும் சூடு கூடுகிறது. போதுமான ஆம்பியர் வைத்து வேகமாகப் போய், ஐந்து செ.மீ. முடிந்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

நெளிந்த தொட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். கீழே சமமான பலகை வைத்து நிரப்புங்கள். 120 கிலோ தண்ணீர் அடித்தட்டை உட்காரவைத்துவிடும். மேல் விளிம்பை மட்டும் பாருங்கள். நிரம்பியிருக்கும்போது நீளப்பக்கத்தின் மீது மொத்தம் 60 கிலோவுக்குமேல் தள்ளும். விளிம்பு மடிப்பு இல்லாத தொட்டி வயிறு தள்ளும்.

கேள்வி (ஓசூர்): வெளியே பொன்னிறமாக அழகாக இருக்கிறது. உள்ளே கையை விட்டால் மூட்டின் பின்பக்கம் கருப்பாக, சொரசொரவென்று இருக்கிறது. இது பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். முழுவதும் உருகிய மூட்டின் பின்பக்கம் காற்றில் பட்டு எரிந்திருக்கிறது. கிட்டத்தில் பாருங்கள், தீய்ந்துபோன வெல்லப்பாகுபோல் கட்டி கட்டியாக இருக்கும். குரோமியம் அங்கே ஆக்சைடாகிப் போய்விட்டது. துரு அங்கிருந்துதான் கிளம்பும். அழுக்கும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கத்துக்கும் ஆர்கான் கொடுங்கள். அலுமினியச் சட்டத்தை மூட்டின் பின்னால் வைத்து, ஓரங்களை அலுமினிய நாடாவால் ஒட்டி, நிமிடத்துக்கு மூன்று நான்கு லிட்டர் மெதுவாக விட்டால் போதும். டார்ச்சுக்கு ஆறு முதல் எட்டு லிட்டர். மூட்டின் நிறம் வைக்கோல் நிறமாக இருந்தால் நிம்மதி. நீலம் என்றால் சூடு கூடுதல். சாம்பல் என்றால் அந்த இடம் கெட்டுவிட்டது.

கேள்வி (சேலம்): கடைக்காரர் 304 ரக எவர்சில்வர் என்று சொல்லித் தருகிறார். காந்தம் ஒட்டவில்லை. நம்பலாமா?

பதில்: காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 ஆகிவிடாது. 202 ரகத்திலும் ஒட்டாது. நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதில் மாங்கனீசு சேர்த்த மலிவுச் சரக்கு அது. ஈரத்திலேயே கிடக்கும் தொட்டிக்கு ஆகாது. 304இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நல்ல 304 தகடுகூட மடித்த இடத்தில் காந்தத்தை லேசாக இழுக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் ஊரிலேயே உருக்காலை இருக்கிறது. ஆலையின் அச்சுள்ள தகட்டை, சோதனைச் சான்றிதழோடு கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம், பத்திக் துணி செய்பவர்): மெழுகு உருக்கச் சிறிய தொட்டி வேண்டும். ஆர்கான் இயந்திரம் இல்லை. பற்றாசு (சால்டர்) வைத்து ஒட்ட முடியுமா?

பதில்: முடியும் அம்மா, ஆனால் நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. வெள்ளி கலந்த தகரப் பற்றாசு 221 டிகிரியில் உருகிவிடும். அடுப்பின் தீ அதைவிடச் சூடு. மூட்டு பிரிந்து மெழுகு தீயில் கொட்டினால் வீடே பற்றிக்கொள்ளும். மெழுகுத் தொட்டியைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, தண்ணீரைச் சூடாக்குங்கள். சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வெளிப் பாத்திரம் மூட்டில்லாத குண்டானாக இருக்கட்டும்.

பற்றாசு ஓரத்தோடு ஓரம் நிற்காது. ஒரு தகட்டின் மேல் இன்னொன்று 8, 10 மி.மீ. ஏறி நிற்க வேண்டும். இரண்டையும் கொக்கிபோல் மடித்துக் கோத்துவிட்டால் பலம் மடிப்பிலிருந்து வரும், பற்றாசு கசிவை அடைத்தால் போதும். உப்புத்தாளால் தேய்த்தவுடன் பாஸ்பாரிக் அமிலத் திரவம் தடவுங்கள். பற்றாசு பிடிக்க வழக்கமாகத் தடவும் ரோசின் பிசின் எவர்சில்வரில் பிடிக்காது. வேலை முடிந்ததும் சோடா உப்புக் கரைசலால் கழுவாவிட்டால் மிஞ்சிய அமிலம் தகட்டையே அரிக்கும்.

கேள்வி (சென்னிமலை, நூல் சாயம் போடுபவர்): 304இல் சாயத் தொட்டி செய்தேன். ஆறு மாதத்தில் மூட்டோரம் ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். வெல்டிங் சரியில்லையா?

பதில்: வெல்டிங்கைவிட உப்பைச் சந்தேகப்படுங்கள். பருத்தி நூலுக்குச் சாயம் ஏற லிட்டருக்கு 30, 50 கிராம் என்று சாதா உப்பைக் கொட்டிச் சூடாக்குகிறோம். அந்தக் குளோரைடு 304இன் மேல்தோலைக் குத்தித் துளைக்கும். சந்து இருக்கும் இடமும் சூட்டுக்கறை இருக்கும் இடமும் முதலில் போகும். மேலே கோவைக்காரருக்குச் சொன்ன செருகு விளிம்பு உங்களுக்கு ஆகாது. உப்பு சந்தில் தங்கிவிடும். இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 எல் தகடு வாங்கி, 316 எல் கம்பியால் முழுமையாக உருக்கிப் பற்றவையுங்கள். சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) பயன்படுத்தினால் குளோரைடு தொல்லை பெருமளவு குறையும். தினமும் தொட்டியைக் காலிசெய்து நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மூட்டின் நிறத்தைத் தேய்த்து எடுத்தபின், பத்து சதவீத எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலை 60 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் படவிடுங்கள். வெல்டிங் கறையை எடுக்கக் கடையில் விற்கும் ஊறல் பசையை வீட்டில் தொடவே தொடாதீர்கள். ஹைட்ரோபுளூரிக் அமிலம் கலந்தது, தோலில் பட்டால் எலும்புவரை போகும். இரும்பில் ஓடிய கம்பித் தூரிகையையும் கிரைண்டர் வட்டையும் எவர்சில்வரில் ஓட்டாதீர்கள். துரு தானாக வரவில்லை, நாமே தேய்த்துவிடுகிறோம்.

கேள்வி (மதுரை): என் கணவர் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆர்கான் வைக்கிறார். காற்று அடித்தால் வெல்டிங் கெடும் என்கிறார். புகையே இல்லையே, ஆபத்து உண்டா?

பதில்: உண்டு, தயவுசெய்து அவரிடம் இன்றே சொல்லுங்கள். எவர்சில்வர் புகையில் ஆறிணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவம் இருக்கிறது. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் முடிவு செய்தது. ஆர்கானோ காற்றைவிடக் கனமானது. மணமும் நிறமும் கிடையாது. சாத்திய அறையில், தொட்டியின் அடியில் தேங்கும். தலையை உள்ளே விட்டால் மூச்சுத் திணறும் உணர்வுகூட வராமல் மயங்கிவிடுவார். கதவைத் திறந்து, விசிறியை அறையிலிருந்து வெளியே இழுக்கும்படி வைக்கட்டும். டார்ச்சின் மேல் காற்று படாமல் ஒரு தட்டி மறைத்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் உலர்ந்தபிறகே ஆர்க். குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தின்மேல் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும்.

கேள்வி (மார்த்தாண்டம், தேனீ வளர்ப்பவர்): தேன் தெளியவைக்க 50 லிட்டர் தொட்டி செய்கிறேன். குழாய் வாய் பொருத்தும்போது தகடு ஓட்டையாகிவிடுகிறது. கசிவு பார்ப்பது எப்படி?

பதில்: குழாய் வாய் 3 மி.மீ. கனம், தகடு 1 மி.மீ. ஆர்க்கைக் கனமான வாயின் மேலேயே காட்டுங்கள். அது உருகிக் குளம் கட்டியதும் குளத்தைத் தகட்டின் பக்கம் லேசாக நகர்த்தினால் தகடு தானாகச் சேர்ந்துகொள்ளும். ஓட்டையைத் தகட்டின் நடுவில் போடாமல் அடியோரத்தில் போடுங்கள். மெழுகும் நுரையும் மேலே வந்துவிடும், தெளிந்த தேன் அடியில் இறங்கும். 50 லிட்டர் தேன் 70 கிலோ எடை வரும். அடித்தாங்கி அதற்கேற்ப இருக்கட்டும்.

கசிவுக்கு, பட்டறையில் மூட்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, உட்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவோம். ஊசிமுனை ஓட்டையாக இருந்தாலும் வெள்ளையில் ஈரப்பொட்டு ஒன்று மெல்ல விரியும். தேன் தொட்டிக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், வாடை போகாது. சோப்பு கலந்த வெந்நீரை நிரப்பி ஓர் இரவு விட்டு, காலையில் மூட்டோரம் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கசிகிற இடத்தில் பேனாவால் குறி போட்டு, தண்ணீரை முழுவதும் வடித்து, உலரவிட்டபிறகே பற்றவைக்க வேண்டும். பின்னால் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது மூட்டைக் கெடுக்கும்; அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை வந்து நிற்கும்.