மாரியில இஞ்சி பிஸ்கட் வீடு: கேள்வியும் பதிலும்

கிளிநொச்சியில கேக் அடிச்சு விக்கிற ஆள் நான். ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கட விறாந்தையில பிள்ளைகளைக் கூப்பிட்டு, சுட்ட பிஸ்கட் தகடுகளை ஒட்டிக் கட்டின இஞ்சி பிஸ்கட் வீடு சோடிக்கிறது வழக்கம். அதைப் பற்றிக் கேட்ட ஆக்களுக்கு இது பதில். கேட்டவையை அவையின்ர ஊர்ப் பேரால போட்டிருக்கிறன்.

மாங்குளம்: அக்கா, பத்துப் பிள்ளைகள் வருகினம். எங்கயிருந்து தொடங்கிறது?

நாள் கணக்கிலயிருந்து தொடங்குங்கோ. மூண்டு நாளைக்கு முதல் சுவரும் கூரையும் சுடவேணும். சோடிக்கிறதுக்கு முதல் நாள் பின்னேரம் நீங்களே ஐசிங்கால ஒட்டி நிப்பாட்டவேணும். பிள்ளைகளுக்குச் சோடிக்கிற வேலை மட்டும்தான். நான் முதல் வருசம் எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால இருந்து ஒட்டினனான். அரை மணித்தியாலத்துக்குள்ள அஞ்சு வீடு விழுந்துது. மூண்டு பிள்ளைகள் அழுதுதுகள், மிச்சம் கூரையைத் திண்டுதுகள்.

ஒரு சின்ன வீட்டுக்குக் கோதுமை மா 500 கிராம், பட்டர் 150, சீனி 150, கோல்டன் சிரப் 150, முட்டை ஒண்டு, வேர்க்கொம்புத்தூள் ரெண்டு தேக்கரண்டி, கறுவாத்தூள் ஒண்டு, கராம்புத்தூள் ஒரு சிட்டிகை. பேக்கிங் பவுடரும் வேண்டாம், அப்பச்சோடாவும் வேண்டாம். போட்டால் விளிம்பு ஊதி, சுவரும் சுவரும் பொருந்தாது. குழைச்சு ஒரு மணித்தியாலம் பிறிச்சில வைச்சு, அரைச் சென்ரிமீற்றர் மொத்தத்தில உருட்டி, மட்டையில வெட்டின அளவை வைச்சு வெட்டுங்கோ. 180 பாகையில 12 தொடக்கம் 15 நிமிசம். வெளியில எடுத்த உடன, சூட்டோட, திரும்ப அந்த மட்டையை வைச்சு விளிம்பை நேராக்குங்கோ. ஆறினால் வெட்ட ஏலாது, நொருங்கும்.

எங்கட மார்கழி மழைக்காலம். மேசையில கிடந்த சுவர் விடிய வளையும். ஆறின கையோட ரின்னுக்க பூட்டுங்கோ. இளகிப்போனால் 150 பாகையில பத்து நிமிசம் திரும்பக் காய விட்டு, ஆறவிட்டுத்தான் ஒட்டவேணும்.

விசுவமடு: எங்களிட்டப் போறணை இல்லை. மாரி பிஸ்கட்டில கட்டலாமோ?

மாரி பிஸ்கட் வட்டம், தங்கச்சி. சுவர் நிக்காது, வேணுமெண்டால் கூரை ஓடாப் பதிக்கலாம். சதுரக் கிறீம் கிறாக்கர் வாங்குங்கோ. நிலத்துக்கு ஒண்டு, ரெண்டைச் சரிச்சு ஒட்டினால் ஒரு கொட்டில். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் நல்லம், ஒரு பக்கற்றில நாலைஞ்சு பேருக்குக் காணும்.

ஒட்டுசுட்டான்: ஐசிங்குக்குப் பச்சை வெள்ளைக்கரு. தேசிக்காய்ப் புளி விட்டால் கிருமி செத்துப்போகுமாமே?

சாகாது. புளி விடுறது ஐசிங் இறுகிறதுக்கு. கர்ப்பிணித் தாய்மாரும் சின்னன்களும் இருக்கிற இடத்தில பச்சை முட்டை வேண்டாம். மெறிங் பவுடர் (காயவைச்ச வெள்ளைக்கருத் தூள்) வாங்கிக் கரைச்சு அடியுங்கோ. முட்டைதான் எண்டால் ஒரு வெள்ளைக்கருவுக்கு ஐசிங் சீனி 200 கிராமுக்கு மேல போகும். கரண்டியைத் தூக்கினால் முனை வளையாமல் நிக்கவேணும். கிண்ணத்தை ஈரத்துணியால மூடுங்கோ, இல்லாட்டி மேல ஆடை கட்டும்.

மல்லாவி: அண்டைக்கே ஒட்டி அண்டைக்கே சோடிக்கலாமோ?

மாங்குளத்துக்குச் சொன்னதை வாசியுங்கோ.

முள்ளியவளை: பிள்ளை, நான் முப்பது வருசம் மேசன். நீர் கட்டின வீட்டின்ர படம் பாத்தன். கூரைச் சரிவு காணாது, மழைத்தண்ணி தேங்கும்.

ஐயா, அந்தக் கூரையில மழை பெய்தால் தேங்கிறதுக்குக் கூரை மிஞ்சாது! சரிவைக் கூட்டினால் ஐசிங் காயமுதல் தகடு வழுக்கிக் கீழ வரும். நான் ரெண்டு தாழ்வாரத்துக்கும் கீழ பால்மாப் பேணி வைச்சு முட்டுக் குடுக்கிறனான்.

முள்ளியவளை (திரும்பவும்): அப்பிடியெண்டால் சுவர் காயாமல் கூரையை ஏத்துறீர். அதுதான் பிழை.

இல்லை ஐயா. சுவர் நாலையும் நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் விட்டுத்தான் கூரை. நீங்கள் கொங்கிறீற் பிளேற் போட்டால் முட்டுக் கழட்ட எத்தினை நாள் விடுவீங்கள்? அதை மல்லாவித் தங்கச்சிக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.

அக்கராயன்: ஐயாவும் நீங்களும் கூரைக்கு அடிபடுறீங்கள். வன்னியில எங்க பனி? இந்த வெள்ளைக்காரன் வீடு எங்களுக்கு என்னத்துக்கு?

வழக்கம் ஜேர்மன்காரன்ர. கிறிம் சகோதரர் 1812இல அச்சடிச்ச கதையில காட்டுக்க ஒரு சூனியக்காரியின்ர வீடு வரும். பாணில சுவர், கேக்கில கூரை, சீனியில யன்னல். ஆனால் உள்ள போடுற கறுவா எங்கட தீவில விளையிற சாமான். அதால கூச்சப்படத் தேவையில்லை.

பனி வேண்டாமெண்டால் போடாதேங்கோ. சேமியாவை வெறுஞ்சட்டியில பொன்னிறமா வறுத்து, ஐசிங் பூசின கூரையில கீழயிருந்து மேல வரிசையா ஒட்டிப் பாருங்கோ. வேய்ஞ்ச கொட்டில் மாதிரியே இருக்கும். வேலிக்கு ஈர்க்கு மாதிரி மெல்லிசா வெட்டின வேஃபர், கிணத்துக்கட்டுக்கு ஒரு வட்ட டொபி. போன வருசம் ஒரு அம்மம்மா பேத்தியோட வந்து, கூரை முழுக்க நீல ஐசிங் பூசினா. "இது என்ன, கடலோ?" எண்டு பேத்தி கேட்டுது. "தறப்பாள். மெனிக் பாம் அகதி முகாமால வந்து நாங்கள் இருந்தது" எண்டுபோட்டு, நாலு மூலையிலயும் கயிறு மாதிரி வெள்ளைக் கோடு இழுத்தா.

முள்ளியவளை: வேயிறதெண்டால் சரிவு இன்னும் கூட வேணும்.

ஐயா, சேமியா ஒழுகாது.

துணுக்காய்: சிரப்புக்குப் பனங்கட்டி போடலாமோ?

போடலாம், வாசம் நல்லம். கொஞ்சத் தண்ணியில கரைச்சு, வடிச்சு, சிரப் பதத்துக்குக் காய்ச்சி ஆறவிடுங்கோ. வடிக்க மறந்தால் மண் கடிபடும். சுவர் கெதியில ஈரம் இழுக்கும், ரின்னை மறக்காதேங்கோ.

பரந்தன்: எறும்பு?

நாலு மேசைக்காலுக்கும் கீழ தண்ணிச் சிரட்டை.

நெடுங்கேணி: ரிச் கேக்குக்கு எவ்வளவு ரவை?

இண்டைக்கு வீடு மட்டும்தான். ரிச் கேக்குக்கு உங்கட வீட்டுப் பெரியம்மாவைக் கேளுங்கோ, என்னைவிட அவவுக்குத் தெரியும்.

முல்லைத்தீவு: பள்ளிக்கூட லீவு. 26ஆம் திகதி வைச்சால் எல்லாரும் வருவினம்தானே?

உங்கட கரையில அண்டைக்கு வேண்டாம், தம்பி. 2004இல கடல் வந்த நாள். விளக்குக் கொளுத்தப் போற வீடுகளில பிள்ளைகளைக் கேக்கவும் மனம் வராது. 23 அல்லது 24 காலமை வையுங்கோ. பாலன் குடில் கட்டுற கையோட இதுவும் முடியும்.

இரணைப்பாலை: ஐசிங்குக்குப் பதிலாச் சீனிப்பாகில ஒட்டினால் கெதியா இறுகுமாம்?

இறுகும், நொடியில. கொதிதண்ணியை விடச் சூடு, கையில பட்டால் ஒட்டிப் பிடிச்சுத் தோலோட வரும். பிள்ளைகள் நிக்கிற இடத்தில அடுப்பிலயே வைக்காதேங்கோ. மழைக்காலத்தில மற்ற நாள் பிசுபிசுக்கவும் தொடங்கும்.

மல்லாவி: அக்கா, வாசிச்சன். காலமை ஒட்டி, பின்னேரம் சோடிச்சால்?

முதல் நாள்.