குப்ரிக்கின் முதல் படம்: கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தன் முதல் முழுநீளப் படமான ‘ஃபியர் அண்ட் டிசயர்’ (1953) படத்தை யாரும் பார்க்கவே கூடாது என்று நினைத்தாராமே. அவ்வளவு மோசமா?

பதில்: மோசமில்லை, ஏற்ற இறக்கம் அதிகம். எதிரியின் எல்லைக்குள் மாட்டிக்கொண்ட நான்கு சிப்பாய்கள், ஒரு காடு, சுமார் ஒரு மணி நேரப் படம். ‘லுக்’ பத்திரிகையில் புகைப்படக்காரராக இருந்தவர், 1951ல் கலிபோர்னியாவின் சான் கேப்ரியல் மலையில் எடுத்தார். பணம் போட்டது மருந்துக்கடை நடத்திய உறவினர். கேமராவும் எடிட்டிங்கும் குப்ரிக்கேதான். ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்திப் பார்த்தால் சட்டம் போட்டு மாட்டலாம். ஒட்டிப் பார்த்தால்தான் தடுமாற்றம். பேசுகிறவர் இடப்பக்கம் பார்ப்பார், கேட்கிறவரும் இடப்பக்கமே பார்ப்பார். யார் யாரிடம் பேசுகிறார் என்று நாம் தேட வேண்டியிருக்கும். இருவருக்கும் நடுவே ஒரு கோடு கிழித்து, கேமரா அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இது வராது. போட்டோ எடுப்பவருக்கு அந்தக் கவலையே கிடையாதே!

கேள்வி: குரல்கள் ஏன் ஒட்டவே இல்லை? டப்பிங் படங்கள் எத்தனையோ நன்றாக இருக்கின்றனவே?

பதில்: டப்பிங் ஒட்ட, படப்பிடிப்பிலேயே பைலட் டிராக், அதாவது பிறகு டப்பிங்குக்கு வழிகாட்டும் ஒலிப்பதிவு, எடுத்திருக்க வேண்டும். இரைச்சலாக இருந்தாலும் பரவாயில்லை. நடிகர் எந்தச் சொல்லை இழுத்தார், எங்கே மூச்சு வாங்கினார் என்பது அதில்தான் இருக்கும். செலவு மிச்சம் என்று இந்தப் படத்தை ஒலியே இல்லாமல் எடுத்தார்கள். பிறகு வசனம், காலடி, இலைச் சரசரப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் படப்பிடிப்பைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. அப்படியும் திறந்த காட்டில் நிற்பவர்களின் குரல், மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்கிறது. போதாததற்கு ஒவ்வொருவர் மனக்குரலும் தத்துவம் பேசுகிறது. ஹோவர்ட் சாக்லர் எழுதிய வசனத்தில் பாதியை வெட்டியிருக்கலாம்.

கேள்வி: பிறகு எதற்காகப் பார்ப்பது?

பதில்: சிப்பாய்கள் எதிரிகளின் குடிசைக்குள் புகுந்து தாக்கும் காட்சிக்காக. கத்திக்குத்தைக் காட்டாமல், சாப்பாட்டைப் பிசைந்து இறுகும் கையைக் காட்டுகிறார். கொலை முழுக்க அந்த விரல்களில் தெரிந்துவிடுகிறது. சிப்பாய்கள் மரத்தில் கட்டிய பெண்ணுக்கு, அவர்களில் ஒருவராக நடித்த பால் மஸுர்ஸ்கி உள்ளங்கையில் தண்ணீர் கொண்டுவரும் இடமும் அப்படியே. அங்கே வசனத்தைவிட அந்தப் பெண்ணின் முகம்தான் பேசுகிறது. மங்கலான பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் புதுப்பித்த பிரதியைத் தேடிப் பாருங்கள்.