கணினி கேள்வி–பதில்: பீட்டா இமேஜுக்கு என்ன டேக் வைப்பது?

வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை: டெபியன் டெஸ்டிங்கை (டெபியன் லினக்ஸின் சோதனைப் பதிப்பு) அடிப்படையாக வைத்து எங்கள் நிறுவனத்துக்கென ஒரு லினக்ஸ் தயாரிக்கிறோம். அதன் கண்டெய்னர் இமேஜுக்கு (மென்பொருளை அப்படியே ஓட்டப் பொதிந்த தொகுப்பு) ‘3.0~பீட்டா1’ என்று டேக் (பதிப்பைச் சொல்லும் அடையாளப் பெயர்) கொடுத்தால், அதைத் தயாரித்து ஓட்டும் டாக்கர் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. பேசாமல் ‘லேட்டஸ்ட்’ என்றே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டேக் சொல்லாமல் இமேஜ் கேட்பவர் எல்லோருக்கும் ‘லேட்டஸ்ட்’தான் போய்ச் சேரும்; உங்கள் பீட்டா அவர்கள் தலையில் விடியும். உபுண்டு லினக்ஸில் அந்த டேக் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) வெளியீட்டுக்கு மட்டும். சோதனையில் இருப்பதற்கு ‘டெவல்’ என்று தனி டேக் உண்டு.

‘~’ குறி பேக்கேஜ் எண்ணுக்குச் சரி. 3.0~பீட்டா1 என்றால் 3.0-க்கு முந்தையது என்று பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் புரிந்துகொள்ளும். டேக்கில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி, இணைகோடு மட்டுமே செல்லும். புள்ளியிலோ இணைகோட்டிலோ தொடங்கக் கூடாது, மொத்தம் 128 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ‘+’ குறிக்கும் இடமில்லை.

ஒரே இமேஜுக்கு இரண்டு டேக் போடுங்கள். ‘3.0-பீட்டா’ நகரும் டேக். புதிய பில்ட் வந்ததும் அதற்கு மாற்றிவிடலாம். ‘3.0-பீட்டா02-20260110-1’ அசையாத டேக். ஒருமுறை ஏற்றினால் மேலே எழுதக் கூடாது. நடுவில் இருப்பது பில்ட் தேதி; அன்றே மறு பில்ட் என்றால் கடைசி எண் 2. பீட்டா எண்ணை இரண்டு இலக்கமாக எழுதாவிட்டால், எழுத்து வரிசையில் பீட்டா10 போய் பீட்டா2-க்கு முன்னால் நிற்கும். கடைசி ஆர்சியையே (வெளியீட்டுக்கு முந்தைய இறுதிச் சோதனைப் பதிப்பு) 3.0 என்று டேக் மாற்றி வெளியிடுவதாக இருந்தால், உள்ளே பதிப்பின் பெயரைச் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அங்கே ‘ஆர்சி’ என்றிருந்தால் மறு பில்ட்தான் வழி.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் பெரிய வில்லங்கம்: டாக்கர்ஃபைலில் (இமேஜ் தயாரிப்புக் குறிப்பு), அடிப்படை இமேஜைச் சொல்லும் ஃப்ரம் வரியில் ‘டெபியன்:டெஸ்டிங்’ என்று இருக்கிறதா? அதுவரை டெஸ்டிங்காக இருந்த ட்ரிக்ஸி பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டேபிள் (நிலையான வெளியீடு) ஆனது. ‘டெஸ்டிங்’ என்ற பெயர் அடுத்த பதிப்பான ஃபோர்கிக்குப் போய்விட்டது. ‘ட்ரிக்ஸி’ என்று எழுதியவர்களுக்குப் பாதிப்பில்லை. குறியீட்டுப் பெயரையே எழுதுங்கள். ஆப்ட் சோர்ஸ் ஃபைலிலும் அப்படியே.

வாசகர், திருவொற்றியூர்: அதே டேக்கில் புது பீட்டாவை ஏற்றியும் குபெர்னெட்டிஸில் (பல கணினிகளில் கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) பழையதே ஓடுகிறது. ஏன்?

பதில்: ‘லேட்டஸ்ட்’ அல்லாத டேக்குக்கு, தனியாகக் குறிப்பிடாவிட்டால் இமேஜ்புல்பாலிசி (இமேஜை எப்போது இறக்குவது என்ற விதி) ‘இஃப்நாட்ப்ரெசென்ட்’, அதாவது இல்லாவிட்டால் மட்டும் இறக்கு. நோடில் (கண்டெய்னர் ஓடும் கணினி) அந்தப் பெயரில் இமேஜ் இருந்தாலே போதும், இமேஜ் கிடங்கான ரெஜிஸ்ட்ரி பக்கம் போகாது. ‘ஆல்வேஸ்’ (எப்போதும்) என்று மாற்றி, கண்டெய்னர் ஓடும் ‘பாட்’ அலகை மறுபடி தொடங்குங்கள். டேக் என்பது உங்கள் ஊர்ச் சாலையில் போகும் கண்டெய்னர் பெட்டியில் ஒட்டிய சீட்டு மாதிரி, கிழித்து வேறு பெட்டியில் ஒட்டலாம். டைஜஸ்ட் (இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) அப்படி மாறாது. எஸ்எச்ஏ256-க்குப் பின் வரும் அந்த 64 இலக்கத்தை டிப்ளாய்மென்ட்டில் (எதை ஓட்டுவது என்று சொல்லும் அமைப்பில்) எழுதிவிட்டால் எல்லா நோடிலும் ஒரே இமேஜ்தான் ஓடும்.