சின்னக் குழந்தைகளோடு நீர்ப் பூங்காவுக்கு ஒரு நாள் போகிறோம், எப்படித் திட்டமிடுவது?

முதலில் குழந்தைகளின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரிய சறுக்குகளில் பலவற்றுக்கு 120 செ.மீ. அளவில் உயர வரம்பு இருக்கும். எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால், வரிசையில் நின்று ஏமாந்து அழ வேண்டியிருக்காது.

அடுத்தது கண்காணிப்பு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள்ளேயே எல்லாம் நடந்துவிடலாம். முழங்கால் ஆழம்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. அதனால் பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை வருகிறவர் போனைத் தொடக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உயிர்காப்பாளர் இருந்தாலும் அப்படித்தான். காற்றடைத்த கைப்பட்டைகளை நம்பாதீர்கள், அளவான லைஃப் ஜாக்கெட் போடுங்கள். உடை ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும்; வெளிர்நீலம் தண்ணீருக்குள் தெரியாது.

யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், தயவுசெய்து. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரின் கலந்த நீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். நீச்சல் டயப்பர் அதைத் தடுக்காது.

அப்புறம் வெயில். திறந்ததும் உள்ளே போய்விட்டால் கூட்டமும் குறைவு. சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். தண்ணீரிலேயே இருப்பதால் தாகம் தெரியாது, நீங்களாகக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுங்கள்.