ஐசியூ வேலை பெண்களுக்கு ஒத்துவராதா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஐசியூவில் டாக்டராக இருக்கிறேன். வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் இப்போதெல்லாம் டியூட்டிக்குக் கிளம்பும்போதே உடம்பும் மனசும் அலுத்துக் கிடக்கிறது. கூட வேலை பார்க்கும் ஆண் டாக்டர்கள் சாதாரணமாகத்தான் இருக்கிறார்கள். "பொம்பளைங்களுக்கு இளகின மனசு, தினமும் சாவைப் பார்க்க முடியுமா, வேற வேலை பாரு" என்கிறார் மாமியார். அவர் சொல்வது சரியா? – வாசகி, திருச்சி

பதில்: சரியில்லை. பிரான்சில் 189 ஐசியூக்களைச் சேர்ந்த 978 டாக்டர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அவர்களில் 46.5 சதவீதம் பேர் கடுமையான பணிச்சோர்வில் இருந்தார்கள், அது பெண்களிடம் கூடுதலாக இருந்ததும் உண்மைதான். ஆனால் நோயாளிகள் எவ்வளவு மோசமான நிலையில் இருந்தார்கள் என்பதற்கும் இந்தச் சோர்வுக்கும் தொடர்பே தெரியவில்லை. தொடர்பு தெரிந்ததெல்லாம் மாதத்தில் எத்தனை நைட் டியூட்டி, ஒரு வாரம் முழுசாக லீவு எடுத்து எவ்வளவு நாளாகிறது, சக டாக்டரோடும் நர்ஸோடும் சண்டை உண்டா என்பவற்றோடுதான். நர்ஸ்களோடு நல்ல உறவு இருந்தவர்களுக்குச் சோர்வு குறைவு. அப்புறம் எப்படி இளகின மனசைக் குறை சொல்வது?

ஆண் டாக்டர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்றும் முடிவு கட்டாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் உருவாக்கிய அளவுகோல் பணிச்சோர்வை மூன்றாகப் பிரிக்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகவே பார்க்காமல் மரத்துப்போவது, நாம் ஒன்றும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. பல துறைகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முதலாவது பெண்களிடமும் இரண்டாவது ஆண்களிடமும் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் களைப்பு முகத்தில் தெரிந்துவிடும். நோயாளியின் பெயர் மறந்து 'மூணாம் பெட்' என்று மட்டும் பேசுகிற டாக்டரை ஊர் 'திடமானவர்' என்றல்லவா பாராட்டுகிறது!

வேலை இன்னும் பிடிக்கிறது என்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். கடந்த மூன்று மாத டியூட்டி பட்டியலை எடுத்து, நைட் எத்தனை, விட்டுப்போன லீவு எத்தனை என்று எழுதி யூனிட் தலைவரிடம் பேசுங்கள், முடிந்தால் சக டாக்டர்களையும் சேர்த்துக்கொண்டு. நைட் முடித்து வந்த காலையில் சமையலும் உங்கள் தலையில்தான் என்றால் அதை வீட்டில் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். மாமியார் உதவ வேண்டிய இடம் அதுதான். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, லீவு நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.