அலமாரி நிறைய டயப்பர், அட்டை நிறையக் கடன்

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஏழு வாரம் ஆகிறது, எடை 4.4 கிலோ. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு டயப்பர் தீர்ந்துபோய், துவாலையை மடித்துக் கட்டிவிட்டு விடியும்வரை விழித்திருந்தோம். அன்றுமுதல் தள்ளுபடி என்று கண்ணில் பட்டாலே வாங்கிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்கான அளவில் மட்டும் 640 டயப்பர் இருக்கின்றன. 20 சதவீதத் தள்ளுபடியில் வாங்கியவை. இரவில் ஒருவேளை மட்டும் புட்டிப்பால் கொடுக்கிறோம்; அதற்கு 9 டப்பா பால்பவுடர் இருக்கிறது. எல்லாமே கடன் அட்டையில் வாங்கி ஆறு மாதத் தவணையாக மாற்றியவை. மூன்று தவணைகள் ஒன்றாக ஓடுவதால் சென்ற மாதம் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகைதான் கட்ட முடிந்தது. என் நாத்தனார், தாம் முகவராக இருக்கும் ஒரு சந்தா திட்டத்தில் ஓராண்டுப் பொருள்களுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். தனிநபர் கடன் வாங்கி அட்டையை அடைத்துவிட்டு, மிச்சத்தில் சந்தாவில் சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். அந்த இரவின் பயம் உங்களை இன்னும் விடவில்லை என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் யாருக்கும் வரக்கூடிய பயம்தான் அது. ஆனால் அன்றிரவு விடியும்வரை உங்களுக்குத் தேவைப்பட்டவை நான்கைந்து டயப்பர்கள். தள்ளுபடியைப் பார்த்தவுடன் அட்டையில் வாங்கி, உடனே தவணையாக மாற்றி, செலவே நடக்காததுபோல் அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கும் பழக்கம்தான் உங்களைக் கடனில் இறக்கியிருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அந்த 640 டயப்பரை எடுத்துக்கொள்வோம். பொட்டலத்தின் ஓரத்தில் எத்தனை கிலோ வரை பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த அளவு பெரும்பாலும் 5 கிலோவோடு முடிந்துவிடும். உங்கள் குழந்தை அதைத் தொட இன்னும் 600 கிராம்தான் பாக்கி. இந்த வயதில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் எடை கூடுவது வழக்கம் என்பதால், சுமார் 21 நாளில் அந்த அளவு தொடையில் இறுக்கத் தொடங்கிவிடும். நாளுக்கு 8 என்று வைத்தாலும் 170-க்கு மேல் செலவாகாது, 470 மீந்துவிடும். 20 சதவீதத் தள்ளுபடியால் நீங்கள் மிச்சம் பிடித்தது 128 டயப்பரின் விலை. அதாவது 512 டயப்பரின் விலையைக் கொடுத்து 170-ஐப் பயன்படுத்தப் போகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை ஆகிவிட்டது.

பால்பவுடர் இதைவிடச் சிக்கலானது. திறந்த டப்பாவை ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். ஒருவேளைப் புட்டிப்பாலுக்கு மாதம் ஒரு டப்பா போதும் என்றால், உங்களிடம் இருப்பது ஒன்பது மாதச் சரக்கு. மலிவாக விற்கும் டப்பாக்களில் காலாவதித் தேதி நெருங்கியவையும் இருக்கும் என்பதால், இன்றே எல்லாவற்றையும் கவிழ்த்து அடியில் உள்ள தேதியைப் பாருங்கள். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளைத் தள்ளுபடிக் கூப்பன், இலவச மாதிரி, சிறப்பு விற்பனை ஆகியவற்றைக் காட்டிப் பெற்றோரிடம் தள்ளக் கூடாது என்று 1981-லேயே உலக சுகாதாரப் பேரவை ஒரு நெறிமுறையை ஏற்றது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். குழந்தைக்கு எந்தப் பால், எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். விலைச்சீட்டு முடிவுசெய்யக் கூடாது.

அடுத்தது தவணை. 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லை நம்பி வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. அதற்குச் செயலாக்கக் கட்டணம் உண்டு. ரொக்கமாகக் கட்டினால் கிடைத்திருக்கும் கழிவும் பல நேரங்களில் கைவிட்டுப் போகும். அதைவிட மோசம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டியது. பாக்கியை அப்படி நிறுத்திவைத்தால், பல அட்டைகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். உங்கள் அட்டையின் வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுவட்டியில் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். 100 மதிப்புள்ள பொருளைத் தள்ளுபடியில் 80-க்கு வாங்கிப் பாக்கி வைத்தால், எட்டு மாதத்துக்குள் அந்த 80 மீண்டும் 100 ஆகிவிடும். குழந்தைக்கென்று தனியாகச் சேமிப்பு வைத்திருந்தால், அதை எடுத்து இந்தப் பாக்கியை அடைக்கத் தயங்க வேண்டாம். சேமிப்புக்கு வரும் வட்டி அட்டைக்குப் போகும் வட்டியில் ஒரு சிறு பங்குதான். சேமிப்பே இல்லையென்றால் மட்டும், அட்டையைவிட வட்டி குறைவான தனிநபர் கடனை, பாக்கி எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் வாங்குங்கள். கடன் தீரும்வரை அட்டை பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

அப்படியானால் வீட்டில் எவ்வளவு இருப்பு வேண்டும்? வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவர்களுக்கு, நாளுக்கு 8 வீதம் ஏழு நாளுக்கு 56, தடங்கல் வந்தால் சமாளிக்க மூன்று நாளுக்கு 24, ஆக 80. அந்த 24-ஐத் தனிப் பையில் கட்டி, அதன்மேல் கொட்டை எழுத்தில் 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதி, கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பை பிரிந்த மறுநாளே வாங்கியாக வேண்டும் என்பது வீட்டின் விதியாக இருக்கட்டும். கூடவே துவைத்து மடித்த பருத்தித் துணி ஆறு இருந்தால், இரவு இரண்டு மணிக்கு எதற்கும் ஓட வேண்டியதில்லை. பிரிக்காத பொட்டலங்களை இந்த வாரமே கடையில் காட்டி அடுத்த அளவுக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மறுத்தால், குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டாரிடம் பாதி விலைக்குக் கொடுத்தாலும் லாபமே.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். ஓராண்டில் ஒரு குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். அளவு பலமுறை மாறும். ஒரு வகை டயப்பர் ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்தால் அதையே மாற்ற வேண்டிவரும். இவை எதுவும் தெரியாமல் இன்றே பணம் கட்டுவது, வட்டியில்லாமல் அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கடன் கொடுப்பதாகும். அதையும் கடன் வாங்கியா கொடுப்பது? உங்கள் நாத்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இதில் அவருக்குக் கழிவுத்தொகை உண்டா என்று கேட்பதில் தவறில்லை. மறுப்பதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவரே தம் சகோதரியிடம், "அட்டைக் கடன் முழுதும் தீரும்வரை எதற்கும் முன்பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்" என்று நேரில் சொல்லட்டும். அடுத்த தவணை தேதிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது நல்லது.